நாலு செட்டு

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்துப் பரோட்டாக் கடையில் ‘ஒரு செட்டு’ என்றால் இரண்டு பரோட்டா. கல்யாண வீட்டில் ‘ஒரு செட்டு’ என்றால் நாதஸ்வரம், தவில், ஒத்து, தாளம் என்று நாலைந்து ஆட்கள். பள்ளிக்கூடத்துக்குச் சீருடை வரும்போது ஒரு செட்டு என்பது மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. வயக்காட்டில் அது மோட்டார். ‘அவன் எங்க செட்டு’ என்றால் கூடப் படித்தவன், ஒரே வயதுக்காரன். கொத்தனார் ‘இன்னும் செட் ஆகல, மிதிக்காதீங்க’ என்றால் சிமெண்டு. பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டில் ‘செட் ஆகல’ என்றால் ஜாதகமோ சம்பளமோ, ஏதோ ஒன்று.

இத்தனையையும் ஒரே நாளில் சரளமாகப் பேசிவிட்டு வருகிற பிள்ளை, பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் அதே சொல்லைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிறது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் நடுவே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள் நான். சூரியன் ‘செட்’ ஆகிறது என்று ஒரு வரி வந்தபோது, கொத்தனார் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: “சூரியன் எப்படி மிஸ் செட் ஆகும்? கெட்டியாயிடுமா?”

வகுப்பே சிரித்தது. எனக்கென்னவோ அந்த ஆண்டு கேட்ட கேள்விகளில் அதுதான் நல்ல கேள்வி என்று பட்டது. அவனுக்குச் சொல் தெரிந்திருக்கிறது, வேர் தெரியவில்லை. அவ்வளவுதான் குறை.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. எஸ் எழுத்தின் முற்பகுதியைத் தொகுத்தவர் ஹென்றி பிராட்லி. ‘செட்’ அவர் பங்கில்தான் விழுந்தது. 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்த அகராதியிலேயே மிக நீண்ட பதிவு இந்தச் சொல்லுடையதுதான். வினைச்சொல்லுக்கு மட்டும் 430க்கு மேற்பட்ட பொருள்கள், விளக்கமும் மேற்கோள்களும் சேர்ந்து ஏறக்குறைய 60,000 சொற்கள். ஒரு நாவல் அளவு. பிறகு ‘ரன்’ என்ற சொல் இதை முந்திக்கொண்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ஒன்பது மாதம் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டி 645 பொருள் பிரித்துக் காட்டினார். இந்தக் கணக்கையெல்லாம் நான் வகுப்பில் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

கோழியைத்தான் சொல்வேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோழி தெரியும். கோழி அடையில் உட்காருகிறது. நாம் அதை அடை வைக்கிறோம். ஆங்கிலத்தில் உட்காருவதற்கு ‘சிட்’, உட்கார வைப்பதற்கு ‘செட்’. கோழியை அடை வைப்பதற்கு ஆங்கிலேயர் சொல்வதும் அதே ‘செட்’தான். வெகு காலத்துக்கு முன்பே ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்தது, தமிழில் இருவிலிருந்து இருத்து, நடவிலிருந்து நடத்து, படுவிலிருந்து படுத்து பிறந்த மாதிரி. மரம் விழுவதற்கு ‘ஃபால்’, மரத்தை வீழ்த்துவதற்கு ‘ஃபெல்’ என்பதும் இதே குடும்பப் பழக்கம். உயிரெழுத்தைக் கொஞ்சம் மாற்றிச் செய்வினையாக்குவது அந்த மொழியின் பழங்காலத்து வழக்கம். இப்போது புதிதாக அப்படி எதுவும் பிறப்பதில்லை.

‘இருத்து’ என்ற ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டால் அந்த 430இல் பெரும்பகுதி வழிக்கு வந்துவிடும். ஒன்றைக் கொண்டுபோய், அது அசையாமல் இருக்கும்படி ஓர் இடத்தில் வைப்பது. மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது, எலிக்குப் பொறி வைப்பது, கடிகாரத்தில் அலாரம் வைப்பது, சரக்குக்கு விலை வைப்பது, பரீட்சைக்குக் கேள்வித்தாள் எடுப்பது. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை இருப்பதால் அவற்றுக்குள் ஓடுகிற ஒற்றுமை நமக்குத் தெரிவதில்லை. ஆங்கிலேயன் ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டதால் வேற்றுமை அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. சூரியனும் உட்காரத்தான் செய்கிறது. நமக்குப் பொழுது சாய்கிறது, இறங்குகிறது. பெரம்பலூரில் நின்று பார்த்தால் பச்சைமலைக்கு அந்தப் பக்கம். அவர்களுக்கு அது இருக்கையில் அமர்கிறது.

அந்தப் பையன் கேட்ட ‘கெட்டியாவது’ இங்கேதான் வந்து சேர்கிறது. கலவை, ஊற்றிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது, இனி நகராது. அதுதான் சிமெண்டு செட் ஆவது. ஆனால் செட் ஆவதும் கெட்டியாவதும் ஒன்றில்லை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அகராதி இல்லை, அந்தப் பையனின் அப்பா. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவரிடம் மகன் கேட்ட கேள்வியைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “செட் ஆவுறதுக்கு ஒரு ராத்திரி போதும் டீச்சரு. கெட்டியாவத்தான் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும்” என்றார். பொறியியல் புத்தகமும் இதையேதான் இன்னும் நீட்டிச் சொல்கிறது. தண்ணீர் பட்ட சிமெண்டு குழைவாக இருக்கும் நிலையிலிருந்து வளையாத நிலைக்கு வருவது செட் ஆவது. அதற்குப் பிறகு நாள்கணக்கில், வாரக்கணக்கில் வலுவேறுவது கெட்டிப்படுவது. மூட்டையில் 43, 53 என்று போட்டிருப்பது 28ஆம் நாளில் வந்திருக்க வேண்டிய வலுவின் அளவு. செட் ஆகும் நேரத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. 53 போட்ட மூட்டை சீக்கிரம் இறுகிவிடும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர விதி இரண்டு எல்லை வைத்திருக்கிறது. தண்ணீர் சேர்த்த 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கக் கூடாது. 600 நிமிடத்துக்குள் இறுகி முடித்தாக வேண்டும். ஆலை ஆய்வுக்கூடத்தில் குழைத்த சிமெண்டை ஒரு வளையத்தில் நிரப்பி மெல்லிய ஊசியை அதில் இறக்கிப் பார்ப்பார்கள். ஊசி அடிவரை போகாமல் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டால் செட் ஆகத் தொடங்கிவிட்டது என்று கணக்கு. லூயி விக்கா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பெயரால் வழங்குகிற ஊசி அது. அந்த அரைமணி அவகாசத்தைக் கொடுப்பது ஜிப்சம். சூளையிலிருந்து வரும் கிளிங்கரை அப்படியே அரைத்துத் தண்ணீர் ஊற்றினால் சில நிமிடங்களில் விறைத்துவிடும். சித்தாள் சட்டியைத் தூக்கித் தலையில் வைப்பதற்குள் கலவை கல்லாகிவிட்டால் யார் வீடு கட்டுவது? அதற்காகத்தான் அரைக்கும்போதே கொஞ்சம் ஜிப்சம் சேர்க்கிறார்கள்.

கிளிங்கருக்கான சுண்ணாம்புக்கல், ஜிப்சம் இரண்டுமே எங்கள் மண்ணில் கிடப்பவை. அரியலூரில் சுண்ணாம்புக்கல், பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊரின் களிமண் பள்ளங்களில் ஜிப்சம் பாளம் பாளமாக ஓடுகிறது. கிரெட்டேசியக் காலத்தில் இங்கே கடல் இருந்தது. 1860களில் பிளான்ஃபோர்டு என்ற நில இயலாளர் இந்தப் பாறைகளை ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று ஊர்ப் பெயர்களையே அடுக்குகளுக்கு வைத்தார். உலகத்து நில இயல் மாணவர்கள் இன்றும் அரியலூர் என்ற பெயரை உச்சரிப்பது அதனால்தான். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது, வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டு, 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. அந்தக் கடலடியில் சிப்பியும் ஓடும் படிந்து படிந்துதான் சுண்ணாம்புக்கல் ஆனது. வண்டல் படிவதற்கு ஆங்கிலத்தில் ‘செட்டில்’. அது ‘செட்’டின் ஒன்றுவிட்ட தம்பி, இருக்கை என்ற பொருள் தரும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. ‘பையன் செட்டில் ஆயிட்டானா?’ என்று எங்கள் பக்கத்து அம்மாக்கள் கேட்பதும், பத்திரப்பதிவு அலுவலகத்தில் ‘செட்டில்மெண்ட்’ எழுதுவதும் இதே தம்பியின் பிள்ளைகள். வேலை, கல்யாணம், வீடு மூன்றும் முடியும் வரை எந்தப் பையனும் இங்கே படிவதில்லை.

அரசின் டான்செம் சிமெண்டு ஆலை 1979இல் அரியலூரில் வந்தது. அதைச் சுற்றித் தனியார் ஆலைகள் பெருகின. இன்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ மாமாவோ லாரியோடோ ஆலையோடோ சம்பந்தப்பட்டவர்கள். அதனால் ‘செட்’ என்றதும் அவர்களுக்கு முதலில் தோன்றுவது இறுகுவது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளியில் இதே பாடம் நடத்தினால் வேறு எதையாவது சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு நேரம் பேசியது ஒரு செட். இரண்டாவது செட் வேறு வீட்டுப் பிள்ளை. பரோட்டா, மேளம், சீருடை, சேக்காளிகள் என்று கூட்டத்தைக் குறிக்கிற பெயர்ச்சொல்லுக்கு மூலம் லத்தீன். ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்ற பொருளில் இருந்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சமயப் பிரிவைச் சொல்கிற ‘செக்ட்’ அதன் உடன்பிறப்பு. உருவம் ஒன்றாகப் போனதால் காலப்போக்கில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. தமிழில் நாம் அதிகம் வாங்கியது இந்தப் பெயர்ச்சொல்லைத்தான். எங்கள் பிள்ளைகள் வாயில் புரள்வது இது. பாடத்தில் அவர்களை மடக்குவது முதல் ‘செட்’.

இந்த இரண்டாவது செட்டில்தான் நான் வளர்ந்தேன். அப்பா மைக்செட்டு வைத்திருந்தார். ஊரில் என் பெயரைவிட ‘செட்டுக்காரர் வீட்டுப் பொண்ணு’ என்பதுதான் பெரிது. குழாய், ஆம்ப்ளிபயர், ரெக்கார்டு பிளேயர், மைக், ஒயர்ச் சுருள், கலர் பல்பு மாலை, கரண்டு போனால் ஜெனரேட்டர். ‘செட்டு எங்க போயிருக்கு?’ என்று வந்து கேட்பவர்களுக்குச் சாமானும் அப்பாவும் ஒன்றுதான். மாரியம்மன் திருவிழா மாதங்களில் செட்டு வீட்டிலேயே இருக்காது, அதனால் அப்பாவும் இருக்க மாட்டார். அப்பாவுக்கு அந்தச் சொல்லில் ஒரு கண்டிப்பு உண்டு. “குழா நாலு இருந்து மைக்கு இல்லன்னா அது சாமான். செட்டு இல்ல” என்பார். சாமானுக்கு வாடகை குறைவு, செட்டுக்கு வாடகை அதிகம். ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் வேலை செய்யும் பொருட்களின் தொகுதிதான் செட்டு என்பதை அவரைவிடச் சுருக்கமாக எந்த அகராதியும் எனக்குச் சொன்னதில்லை.

பம்புசெட்டும் அப்படித்தான். மோட்டார், பம்பு, ஸ்டார்ட்டர், குழாய் எல்லாம் சேர்ந்து ஒரு செட்டு. ஆனால் விவசாயி அதை அங்கே நிறுத்தவில்லை. ‘பம்புசெட்டுல குளிச்சுட்டு வரேன்’ என்கிறபோது அது தொட்டி. ‘பம்புசெட்டுக்குக் கிழக்கால ரெண்டு ஏக்கரு’ என்கிறபோது அது எல்லைக்கல் மாதிரி ஓர் இடம். ஆங்கிலேயனிடம் போய் ‘நான் செட்டில் குளித்தேன்’ என்றால் ஆளை ஒருமாதிரி பார்ப்பான். இரவல் வாங்கிய சொல்லை நம் ஊர்க்காரர்கள் சொந்தமாக உழுது பயிரிட்டிருக்கிறார்கள். இதைப் பிழை என்று திருத்துகிற ஆங்கில ஆசிரியர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

கணக்கு வாத்தியாருக்கு இன்னொரு செட் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே ‘கண மொழி’. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்குக் கணம், ஆங்கில வழிப் பிள்ளைக்குச் செட். அந்தக் கணத்தில் வரிசை முக்கியமில்லை. ஒரே உறுப்பை இரண்டு தடவை எழுதினாலும் ஒன்றுதான். அப்படிப் பார்த்தால் நான் பரோட்டாக் கடையில் ஏமாந்துதான் போவேன் என்று எங்கள் பள்ளிக் கணக்கு சார் சொல்வார்.

மூன்றாவது செட்டு உண்மையில் செட்டே இல்லை. ‘கார் செட்டு’, ‘லாரி செட்டு’, ‘மாட்டு செட்டு’, ஆஸ்பெட்டாஸ் போட்ட செட்டு. அது கொட்டகை, ‘ஷெட்’. ஷகரத்தை நம் நாக்கு சகரமாக்கியது, கடைசி எழுத்தையும் வல்லினமாக்கிக்கொண்டது, இரண்டு சொல்லும் ஒரே சொல் ஆகிவிட்டன. மோட்டார் கொட்டகையையும் பம்புசெட்டையும் பலர் குழப்பிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே ஷெட்டுக்குள்தான் செட்டு இருக்கிறது. பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரையில் ‘எங்கள் மாடு செட்டில் இருக்கிறது’ என்று எழுதும்போது எழுத்துப்பிழை என்று சிவப்பு மையால் சுழிப்பதோடு நான் விடுவதில்லை. இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வாயால் பத்துப் பேரைச் சொல்ல வைக்கிறேன். காது பழகாமல் கை பழகாது.

நாலாவது செட்டு நம்முடையது. ஆங்கிலேயன் கப்பலேறுவதற்கு முன்பே இங்கே இருந்தது. வணிகம், அதிலிருந்து வந்த சிக்கனம். ‘மருமக செட்டா குடும்பம் நடத்துறா’, ‘கட்டும் செட்டுமா இருந்து ரெண்டு காணி வாங்கிட்டாங்க’ என்று எங்கள் ஊர்ப் பெரியம்மாக்கள் இன்றும் சொல்கிறார்கள். செட்டியாரின் செட்டு. இளம்பிள்ளைகளுக்கு இது புரிவதில்லை. ‘செட்டா’ என்றால் ஜோடியாகவா என்று கேட்கிறார்கள். வந்த சொல் வீட்டுச் சொல்லைத் திண்ணைக்குத் தள்ளிவிட்ட கதை இது ஒன்றுதான் எனக்கு வருத்தம் தருவது.

பயிர் பக்கம் போனால் நிலைமை தலைகீழ். அங்கே ஆங்கிலம் ‘செட்’ என்று சொல்லும் இடத்திலெல்லாம் நம்மிடம் நல்ல சொல் உறுதியாக நிற்கிறது. பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் பேர்போனது. செட்டிகுளம் வட்டாரத்தில் விதைக்காயைப் பட்டறை போட்டுக் காப்பாற்றி, பருவத்தில் காயையே நடுகிறார்கள். நடுவதற்கென்று வைத்திருக்கிற சிறு வெங்காயத்துக்கு ஆங்கிலத் தோட்டக்காரர்கள் வைத்த பெயர் ‘செட்’. கரும்பு நடுகிற துண்டு அவர்களுக்கு ‘செட்’, கடைசியில் இன்னொரு ‘டி’ சேர்த்து எழுதுவார்கள். எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர்களுக்கு அது கரணை. மக்காச்சோளக் கதிரில் மணி பிடிக்கவில்லை என்று நாம் சொல்வது அவர்களுக்குச் ‘செட்’ ஆகவில்லை. பருத்தியில் பூ காயாக மாறுவதும் அதே சொல்தான். எங்கள் வகுப்புப் பிள்ளையிடம் ‘மணி பிடிக்கிறது’ என்று சொல்லிவிட்டு ஆங்கில வரியைக் காட்டினால் ஒரு நொடி போதும்.

இங்கே ‘பிடி’ என்ற நம் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். மணி பிடிக்கும், சளி பிடிக்கும், பேய் பிடிக்கும், மழை பிடிக்கும். ஆள் பிடிக்கலாம், பஸ் பிடிக்கலாம், போட்டோ பிடிக்கலாம், சம்பளத்தில் பிடிக்கலாம். எனக்கு உன்னைப் பிடிக்கும். கரணைகூட அப்படித்தான்: கரும்புத் துண்டும் கரணை, கொத்தனார் கையில் இருக்கும் கரண்டியும் கரணை. வெளியூர்க்காரர் ஒருவர் தமிழ் கற்க வந்தால் ‘பிடி’யைப் பார்த்து அழுவார். இதை ஐந்து வயதில் ஒரு பட்டியலும் மனப்பாடம் செய்யாமல் கற்றுக்கொண்ட பிள்ளைக்குத்தான் ‘செட்’டுக்கு வழிகாட்டி நூலில் இருபது பொருள் அச்சடித்துக் கொடுத்து, ஒப்பிக்கச் சொல்கிறோம்.

ஆங்கிலச் ‘செட்’டில் உண்மையாகவே கடினமான இடம் வேறு. நிகழ்காலம், இறந்தகாலம், முடிந்த வினை மூன்றுக்கும் உருவம் ஒன்று. தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா என்பதையும் சொல்லின் முகத்தில் எழுதி வைக்கவில்லை. தமிழ் இதை ‘ஆகு’, ‘பண்ணு’ என்று இரண்டு கைப்பிடி போட்டுத் தீர்த்துவிட்டது. சிமெண்டு செட் ஆச்சு. அலாரம் செட் பண்ணினான். பரீட்சையில் பிள்ளைகள் தடுக்குவது இங்கேதான். ஆகையால் ஒவ்வொரு ஆங்கில வரியையும் பார்த்ததும் ‘ஆச்சா, பண்ணினானா?’ என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். எழுவாயைத் தேடாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இலக்கண வகுப்பு என்று பெயர் சொல்லாமலே இலக்கணம் நடந்துவிடும்.

‘செட்டப்பு’ பற்றி விளக்கமாக எழுதினால் இதழின் ஆசிரியர் குழு வெட்டிவிடும். ஏற்பாடு என்ற பொருளில் வந்த சொல், இங்கே ஏமாற்று ஏற்பாடாகவும் அதற்கு மேலும் ஆகிவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ‘செட் ஆகல’ மட்டும் இன்னும் வளர்கிறது. சட்டையின் நிறம் செட் ஆகவில்லை, புது ஹாஸ்டல் சாப்பாடு செட் ஆகவில்லை. எங்கள் மாவட்டங்களுக்கே அப்படி ஒரு காலம் இருந்தது. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் திரும்பவும் சேர்த்தார்கள். 2007இல் மறுபடி பிரித்தார்கள். அந்த ஆண்டுகளில் வாங்கிய சான்றிதழ்களைப் பார்த்தால் ஒரே ஊர் இரண்டு மாவட்டத்துக்குள் போய்ப் போய் வந்திருக்கும்.

கடைசியாக ஒரு பெண் கேட்டது. “செட்னா இருத்தி வைக்கிறதுன்னீங்க. அப்செட்னா மேல இருத்தி வைக்கிறதுதானே மிஸ்? அப்புறம் ஏன் அழுவுறாங்க?” அவள் சொன்னதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். 15ஆம் நூற்றாண்டில் அது நிமிர்த்தி நிறுத்துவதையே குறித்தது. கவிழ்ப்பது என்ற பொருள் ஏறக்குறைய 1800 வாக்கில்தான் ஏறியது. மனம் கவிழ்வதும் அதையொட்டி வந்ததுதான். அதைச் சொன்ன பிறகும் அவள் உட்காரவில்லை. “அப்ப அவங்களும் நம்மள மாதிரிதான் மிஸ் மாத்திக்கிறாங்க” என்றாள். பக்கத்தில் இருந்தவள், “அப்ப எனக்கு மட்டும் ஏன் மிஸ் மார்க்கு கொறச்சீங்க?” என்று தன் மாட்டு செட்டுக் கட்டுரையை எடுத்து நீட்டினாள்.